யோசேப்பின் கூற்று: ஆதியாகமம் 37–50 குறித்து ஒரு திறனாய்வு

நம் திருச்சபைகளில் அடிக்கடி பிரசங்கிக்கப்படும் பழைய ஏற்பாட்டு வரலாறுகளுள் யோசேப்பின் வரலாறும் ஒன்றாகும். ஞாயிறு பள்ளியில் அது பலவருண அங்கியின் கதை. வாலிபர் கூடுகையில் போத்திபாரின் வீட்டில் நேர்ந்த சோதனையின் கதை. பணி ஓய்வு பெறுவோர் ஏறெடுக்கும் நன்றி ஆராதனையில் குழியினின்று அரண்மனைக்கு உயர்ந்தவனின் கதை. துக்க வீட்டிலோ அது கதையாகக்கூட நிற்பதில்லை. ஐம்பதாம் அதிகாரத்தின் இருபதாம் வசனம் ஒன்றே எஞ்சுகிறது. சகோதரர் தீமையாகக் கருதியதைக் கடவுள் நன்மையாகக் கருதினார் என்னும் அக்கூற்று, வாழ்க்கை எதிர்பாராத திசையில் திரும்பிவிட்ட எவருக்கும் ஏற்ற மருந்தென்று நாம் எண்ணுகிறோம். தேர்வில் தவறிய மாணவனுக்கும், ஆலை மூடப்பட்டதால் வேலையிழந்த தகப்பனுக்கும், மணமான ஓராண்டிற்குள் கணவனை அடக்கம் செய்த பெண்ணுக்கும் அளவு மாற்றாமல் அதே மருந்து தரப்படுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஓர் அடக்க ஆராதனையில் கலந்துகொள்ள நேர்ந்தது. கிணற்றில் மூழ்கி இறந்த பையனுக்குப் பதினாறு வயது. அருளுரையாற்றியவர் இவ்வசனத்தையே எடுத்துக்கொண்டு, இம்மரணத்தின் வாயிலாகக் கடவுள் கருதியுள்ள நன்மைகள் யாவை என்பதை மூன்று தலைப்புகளில் விளக்கினார். உரை முடியும்வரை அப்பையனின் தாய் தலை நிமிரவில்லை. கல்லறைத் தோட்டத்தினின்று திரும்புகையில் அவர் எம்மிடம் கேட்டது ஒன்றே: “யோசேப்பு உயிரோடே இருந்தானே, ஐயா?” அன்று அவருக்குக் கூற எம்மிடம் விடை இருக்கவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அவ்வினாவை மீண்டும் எடுத்துக்கொள்ளும் முயற்சியே.

யோசேப்பின் கூற்று உண்மையன்று என மறுப்பது எமது நோக்கமன்று. இறைப் பராமரிப்பைக் குறித்த போதனையை நீக்கிவிட்டால், வருத்தமுற்றோரிடம் திருச்சபை கூறத்தக்கது மிகச் சிறிதே. ஆயினும் ஒரு கூற்றின் பொருள் அதன் சொற்களில் மட்டும் அடங்குவதில்லை. அதைக் கூறியவர் யார், எவ்வேளையில் கூறினார், யாரை நோக்கிக் கூறினார் என்பவற்றிலும் அப்பொருள் தங்கியிருக்கிறது. ஆதியாகமத்தின் ஆசிரியர் இம்மூன்றையும் மிகுந்த கவனத்தோடு அமைத்திருக்கிறார். நம் பிரசங்க மரபோ இம்மூன்றையும் ஒருங்கே மறந்துவிட்டது. எனவே வரலாற்றைத் தொடக்கத்தினின்று மீண்டும் வாசிப்பது பயனுடையதாகும்.

யாக்கோபு தன் மகனை எபிரோன் பள்ளத்தாக்கிலிருந்து சீகேமுக்கு அனுப்புகிறான். சகோதரர் அங்கே இல்லை. வெளியில் வழிதப்பித் திரிந்துகொண்டிருக்கும் யோசேப்பை ஒரு மனிதன் கண்டு, அவர்கள் தோத்தானுக்குப் போனார்கள் என்று கூறுகிறான் (37:15–17). அம்மனிதன் எதிர்ப்படாதிருந்தால் யோசேப்பு வீடு திரும்பியிருப்பான். குழியும் இல்லை, எகிப்தும் இல்லை. ஒரு வாழ்க்கை முழுவதும் திசை மாறுவது இந்த மூன்று வசனங்களில்தான். யூத உரையாசிரியராகிய ராஷி, மரபைப் பின்பற்றி, அம்மனிதனைக் காபிரியேல் தூதன் என்கிறார். பக்தியுள்ள உள்ளம் அவ்வாறு எண்ண விரும்புவது இயல்பே. ஆனால் ஆசிரியர் அவனுக்குப் பெயரும் இடவில்லை, சிறகும் தரவில்லை. வழியில் தற்செயலாகக் கண்ட ஒருவன், தற்செயலாகக் காதில் விழுந்த ஒரு செய்தி, அவ்வளவே. கடவுளின் கரம் இங்கே உண்டோ இல்லையோ என்று ஆசிரியர் கூற மறுக்கிறார். இம்மறுப்பை நாம் மதிக்கக் கற்றுக்கொள்ளல் வேண்டும்.

அடுத்துக் குழி. யோசேப்பைக் குழியில் போட்டபின் சகோதரர் உணவருந்த உட்கார்ந்தார்கள் என்று ஆசிரியர் ஒரே வரியில் சொல்லிச் செல்கிறார். குழிக்குள் இருந்தவன் என்ன செய்தான்? முப்பத்தேழாம் அதிகாரம் அதைக் குறித்து ஒரு சொல்லும் கூறவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழிந்தபின், எகிப்திலே தாங்கள் இக்கட்டில் அகப்பட்டபோது, சகோதரர் தங்களுக்குள் பேசிக்கொள்வதிலிருந்தே (42:21) அவன் அன்று கெஞ்சினான் என்பதும், அவனுடைய மனவேதனையைக் கண்டும் அவர்கள் செவிகொடுக்கவில்லை என்பதும் நமக்குத் தெரியவருகின்றன. அந்தக் கதறலை ஆசிரியர் மறந்துவிடவில்லை. இத்தனை காலமும் குற்றவாளிகளின் நெஞ்சில் வைத்துக் காத்திருந்தார். எபிரேய உரைநடைக் கலையில் இதற்கு இணையான இடங்கள் மிகச் சிலவே என்பது எமது கருத்து. நம் அருளுரைகள் ‘குழியினின்று அரண்மனைக்கு’ என்று ஒரே மூச்சில் தாவும்போது கேளாமற் போவது இக்கதறலே.

அவ்வதிகாரத்தின் இறுதியும் ஆயர்கள் நிதானித்து வாசிக்கத்தக்கது. இரத்தத்தில் தோய்ந்த அங்கியைக் கண்டு யாக்கோபு துக்கித்தபோது, அவனுடைய குமாரர் எல்லாரும் அவனுக்கு ஆறுதல் கூற எழுந்தார்கள்; அவனோ ஆறுதலுக்கு இடங்கொடாதே போனான் (37:35). ஆறுதல் கூறியவர்கள் யார் என்பதை நினைத்துப் பார்த்தால் உடல் நடுங்குகிறது. அவர்கள் எந்தச் சொற்களால் ஆறுதல் கூறினார்கள் என்பதை ஆசிரியர் எழுதவில்லை. எல்லாம் கடவுளின் சித்தம் என்று சொல்லியிருந்தால், பின்னர் யோசேப்பு கூறப்போகும் அதே இறையியலையே அவர்கள் முன்கூட்டிக் கூறியிருப்பார்கள். சொல் ஒன்றாயிருந்தும் அது பொய்யாகவே இருந்திருக்கும். யாக்கோபு இடங்கொடாமற்போனதை வேதம் எங்கும் கண்டிக்கவில்லை.

போத்திபாரின் வீட்டிலும் சிறைச்சாலையிலும் கர்த்தர் யோசேப்போடு இருந்தார் என்று முப்பத்தொன்பதாம் அதிகாரம் நான்கு முறை கூறுகிறது (39:2, 3, 21, 23). இதனைக் காண்பவர்கள் யார்? வாசகர் காண்கிறார், போத்திபார் என்னும் புறமதத்தான்கூடக் கண்டான் என்கிறது வேதம். யோசேப்புக்கு இதை யார் அறிவித்தார்? ஆபிரகாமோடும் ஈசாக்கோடும் யாக்கோபோடும் பேசிய கடவுள், இவ்வரலாறு முழுவதிலும் யோசேப்போடு ஒரு முறையேனும் பேசியதாக எழுதப்படவில்லை. பெயெர்செபாவில் இரவுத் தரிசனத்தில் பேசும்போதும் (46:2) முதியவனாகிய யாக்கோபோடுதான் பேசுகிறார். ஆகவே வாசகர் அறிந்ததற்கும் சிறையிலிருந்தவன் அறிந்ததற்கும் இடையே ஒரு பெரும் தூரம் உண்டு. ஆசிரியர் வேண்டுமென்றே உண்டாக்கிய தூரம் அது. துயருறுகிறவன் அருகே நிற்கும் பிரசங்கியார், தாம் வாசகரின் இடத்தில் நின்றுகொண்டு, சிறையிலுள்ளவனும் தம்மைப்போல் எல்லாவற்றையும் அறிவான் என எதிர்பார்க்கும்போதே பிழை தொடங்குகிறது.

சிறையிலிருந்த யோசேப்பு தன் வாழ்க்கையைத் தானே எவ்வாறு விளக்கினான் என்பதற்கு ஒரே சான்றுதான் உண்டு. பானபாத்திரக்காரனிடம் அவன் பேசும் சொற்கள் அவை (40:14–15). கடவுள் என்னை இங்கே அனுப்பினார் என்று அவன் அப்பொழுது கூறவில்லை. எபிரெயரின் தேசத்திலிருந்து தான் களவாய்க் கொண்டுவரப்பட்டதாகக் கூறுகிறான். மூலமொழியில் அவ்வினை அழுத்தத்திற்காக இரட்டிக்கப்பட்டுள்ளது. இங்கும் குற்றமின்றியே அடைக்கப்பட்டதாகக் கூறுகிறான். சிறையைச் சுட்ட அவன் பயன்படுத்தும் எபிரேயச் சொல், சகோதரர் அவனைப் போட்ட குழியைக் குறிக்கும் அதே சொல். அவனைப் பொறுத்தவரை பதின்மூன்று ஆண்டுகளும் ஒரே குழிதான். அதோடு, பார்வோனிடம் என்னைக் குறித்துச் சொல் என்று மனிதனுடைய உதவியையும் நாடுகிறான்.

இவ்வேண்டுகோள் விசுவாசக் குறைவா? ராஷி அவ்வாறே கருதினார்; பானபாத்திரக்காரன்மேல் நம்பிக்கை வைத்ததனாலேயே யோசேப்பு மேலும் இரண்டு ஆண்டுகள் சிறையிருக்க நேர்ந்தது என்பது அவருடைய விளக்கம். நம் எழுப்புதல் கூட்டங்களிலும் இதை ஒத்த விளக்கங்களைக் கேட்டிருக்கிறோம். மருத்துவரை நாடியதும் மேலதிகாரிக்கு மனு எழுதியதும் கடவுளை நம்பாமையின் அடையாளம் என்பார் நம்மிடையே இன்றும் உளர். வேத பாடத்தில் இதற்கு ஆதாரம் ஏதுமில்லை. பானபாத்திரக்காரன் மறந்தான் என்றே ஆசிரியர் கூறுகிறார். யோசேப்பு தவறினான் என்று கூறவில்லை. அதற்கும் மேலாக, யோசேப்பு வெளியேறியது இறுதியில் அதே பானபாத்திரக்காரனின் நினைவு திரும்பியதினாலேயே. அநீதியை அநீதி என்று சொல்லுவதும், விடுதலைக்கு வழி தேடுவதும், கடவுள்மேல் வைத்த நம்பிக்கையோடு ஓர் உள்ளத்திலேயே குடியிருக்கக்கூடும் என்பதற்கு நாற்பதாம் அதிகாரம் சாட்சி.

அரண்மனைக்கு உயர்ந்த யோசேப்பைக் குறித்து நாம் சற்றுக் கண்டிப்பாகவே பேச விரும்புகிறோம். தலைமகனுக்கு மனாசே என்று பெயரிட்டு, தன் வருத்தத்தையும் தகப்பன் வீட்டையும் கடவுள் மறக்கப்பண்ணினார் என்கிறான் (41:51). ‘மறதி’ என்று பெயரிட்டு நாள்தோறும் அழைக்கப்படும் பிள்ளை, மறக்கப்பட்டதாகச் சொல்லப்படுவதை நாள்தோறும் நினைவூட்டாதா? அதைவிடக் கடினமான வினா ஒன்று உண்டு. எகிப்தின் முழு அதிகாரமும் கையிலிருந்த ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில், தான் உயிரோடிருக்கும் செய்தியைத் தகப்பனுக்கு அவன் ஏன் அனுப்பவில்லை? பதின்மூன்றாம் நூற்றாண்டில் நாக்மானிதேஸ் என்னும் யூத அறிஞர் இவ்வினாவை எழுப்பி, கனவுகள் நிறைவேறும்படிக் காத்திருந்தான் என்று விடையளித்தார். அவ்விடை எமக்கு நிறைவளிக்கவில்லை. குழியினின்று தூக்கியெடுக்கப்பட்டவனின் உள்ளம் உடனே ஆறிவிடுவதில்லை என்பதே எளிய விளக்கமாகத் தோன்றுகிறது. அதுவரை யோசேப்பு அழுததாக ஆசிரியர் எழுதியதில்லை. சகோதரரின் குற்ற அறிக்கையைக் காதாரக் கேட்ட பின்னரே முதன்முறையாக அவன் ஒதுங்கிச் சென்று அழுகிறான் (42:24). அதன்பின் ஆறு இடங்களிலேனும் அவன் அழுவதைக் காண்கிறோம்.

நாற்பத்தைந்தாம் அதிகாரத்தில் யோசேப்பு தன்னை வெளிப்படுத்துவதற்கு முன்பு யூதா பேசுகிறான். நாற்பத்துநான்காம் அதிகாரத்திலுள்ள அப்பேச்சு ஆதியாகமத்திலேயே மிக நீண்ட மன்றாட்டுரை எனலாம். யோசேப்பை விற்க ஆலோசனை கூறிய அதே யூதா, இப்பொழுது பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறான் (44:33). தகப்பனுக்கு மீண்டும் ஒரு மகனை இழந்த துயரம் வரலாகாது என்பதே அவனுடைய வாதம். இவ்வளவும் நிகழ்ந்த பிறகே யோசேப்பு கடவுளைக் குறித்துப் பேசத் துணிகிறான். தீங்கிழைத்தவரின் மனந்திரும்புதலுக்கு முன்னர் இறைப் பராமரிப்பைப் பற்றிய பேச்சுக்கு இவ்வரலாற்றில் இடமில்லை. கொடுமை செய்த கணவனிடம் பொறுத்துப்போகும்படி ஒரு பெண்ணுக்கும், கூலியை மறுத்த நிலக்கிழாரிடம் சமாதானமாயிருக்கும்படி உழவனுக்கும் யோசேப்பை எடுத்துக்காட்டும் பிரசங்கியார், யூதாவை முதலில் எங்கே காட்டுவார்?

யோசேப்பின் இரு கூற்றுகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. நாற்பத்தைந்தாம் அதிகாரத்தில், கண்ணீரும் தழுவலுமான அந்நேரத்தில், தன்னை அனுப்பியது அவர்களல்லர், கடவுளே என்கிறான் (45:8). அன்பின் மிகுதியால் குற்றத்தை முற்றிலும் மறைத்துவிடும் பேச்சு அது. சகோதரர் அதை நம்பவில்லை என்பது பின்னர் தெரிகிறது. பதினேழு ஆண்டுகள் கோசேனில் ஒன்றாக வாழ்ந்த பின்னும், தகப்பன் இறந்தவுடன் அவர்கள் அஞ்சி ஆளனுப்புகிறார்கள். தகப்பன் கட்டளையிட்டதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார்கள். யாக்கோபு அவ்வாறு கட்டளையிட்டதாக முன்னர் எங்கும் எழுதப்படவில்லை. அப்பொழுது யோசேப்பு கூறும் விடையே ஐம்பதாம் அதிகாரத்தின் கூற்று. இம்முறை அவன் குற்றத்தை மறைக்கவில்லை. நீங்கள் கருதியது தீமையே என்று தெளிவாகப் பெயரிட்டுச் சொல்லிவிட்டே கடவுளைப் பற்றிப் பேசுகிறான். முதற்கூற்றைவிட இரண்டாங்கூற்றே முதிர்ந்தது. தீமையை நன்மை என்று அழைக்காமல், இரண்டையும் ஒரே வாக்கியத்தில் தாங்க வல்லது.

இங்கு மூலமொழியைச் சிறிது நோக்குதல் தகும். சகோதரரின் செயலுக்கும் கடவுளின் செயலுக்கும் எபிரேயம் ‘ஹாஷப்’ என்னும் ஒரே வினையைப் பயன்படுத்துகிறது. கருதுதல், திட்டமிடுதல் என்பது அதன் பொருள். நம் பழைய திருப்புதலோ முதற்பாகத்தில் ‘நினைத்தல்’ என்னும் வினையையும், கடவுளைச் சுட்டும் பாகத்தில் ‘முடியப்பண்ணுதல்’ என்னும் வினையையும் வைத்துள்ளது. அதன் தமிழ் அழகியது. ஆனால் மூலத்தில் எண்ணத்திற்கு எதிரே எண்ணம் நிற்க, தமிழில் எண்ணத்திற்கு எதிரே முடிவு வந்து நிற்கிறது. இச்சிறு மாற்றம் நம் பக்தியின்மேல் ஆழ்ந்த தடம் பதித்திருக்கிறது என்று கருதுகிறோம். முடிவு நன்றாயிருந்தால் கடவுள் செயல்பட்டார் என்றும், முடிவு நன்றாயில்லையெனில் நம் விசுவாசத்தில் ஏதோ குறை என்றும் நம் மக்கள் எண்ணுவதற்கு இச்சொல்லும் ஒரு காரணமாயிருக்கலாம். அப்பையனின் தாய் கேட்டதும் முடிவைக் குறித்தே. யோசேப்பு பேசியதோ, முடிவு தெரியுமுன்னரே குழியின் விளிம்பிலும் இருந்த ஓர் இறைக்கருத்தைக் குறித்து.

அதே வினையடி, யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளில் சித்திரவேலை செய்யும் நெசவுக் கலைஞனைக் குறிக்கவும் வருகிறது (யாத். 26:1). தறியின் பின்புறத்தில் நூல்கள் சிக்கலாய்த் தோன்றினும் முன்புறத்தில் சித்திரம் உருவாகிறது என்னும் உவமையை நாம் எல்லாரும் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம், கூறியும் இருக்கிறோம். சொல்லாராய்ச்சி அவ்வுவமைக்கு ஓரளவு இடந்தருகிறது. ஆயினும் பாவும் ஊடுமாய்ச் சேர்ந்த நூல்களுள் ஒன்று, தான் அறுந்தபோது வலித்தது என்று சொன்னால், சித்திரத்தைக் காட்டி அதன் வாயை அடைப்பது நெசவாளியின் பணியன்று.

கூற்றுக்கு முன்னே நிற்கும் வினாவும் நம் கருத்திற்குரியது. தான் கடவுளின் இடத்தில் இருக்கிறானோ என்று யோசேப்பு கேட்கிறான் (50:19). மன்னிக்கவோ தண்டிக்கவோ தனக்கு அதிகாரமில்லை என்பதே அதன் நேர்ப்பொருள். ஆனால் கடவுளின் எண்ணத்தைப் பற்றிப் பேசப்போகிறவன், தான் கடவுளல்லன் என்பதை முதலில் அறிக்கையிடுவது தற்செயலானதன்று. பத்தொன்பதாம் வசனத்தை விட்டுவிட்டு இருபதாம் வசனத்தை மட்டும் எடுக்கும் வழக்கம் எவ்வாறு வந்ததோ அறியோம்.

அறிஞருலகில் இவ்வரலாறு குறித்து நிகழ்ந்த விவாதம் நீண்டது. இங்குச் சிறிதே தொட்டுச் செல்கிறோம். கெர்ஹார்டு ஃபான் ராட் என்பார் 1953-இல் வெளியிட்ட கட்டுரையில், யோசேப்பின் வரலாறு பண்டை இஸ்ரவேலின் ஞான மரபினின்று தோன்றியது என்றும், ஐம்பதாம் அதிகாரத்தின் கூற்று நீதிமொழிகளின் இறைப் பராமரிப்புக் கருத்தோடு (நீதி. 16:9) ஒத்தது என்றும் நிலைநாட்ட முயன்றார். 1969-இல் ஜேம்ஸ் கிரென்ஷா இதை மறுத்தார், மறுப்பு வலியது. எனினும் கடவுள் மறைந்து செயலாற்றும் தன்மையை ஃபான் ராட் இவ்வரலாற்றில் சுட்டிக்காட்டியது இன்றும் பயனுள்ளதே. கால்வின் தம் ‘கிறிஸ்தவ சமய நிறுவனங்கள்’ என்னும் நூலின் முதற்புத்தகம் பதினேழாம் அதிகாரத்தில் யோசேப்பை எடுத்துக்காட்டுகிறார். சகோதரரின் வஞ்சகத்திலேயே நின்றிருந்தால் அவனால் மன்னித்திருக்க இயலாது. கடவுளை நோக்கியதனால் அநீதியை மறந்தான் என்பது அவர் கருத்து. ஸ்திராஸ்பூர்க்கிற்குச் செல்லப் புறப்பட்டு, போரினால் வழி அடைபட்டு, ஜெனீவாவில் ஓர் இரவு தங்க வந்தபோது ஃபாரெலால் 1536-இல் தடுத்து நிறுத்தப்பட்டவர் கால்வின். வாழ்க்கை திசை மாறுவதைப் பற்றி அவருக்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் ‘மறந்தான்’ என்னும் சொல்லில் மட்டும் நாம் அவரோடு உடன்படோம். யோசேப்பு மறக்கவில்லை, நினைவில் வைத்துக்கொண்டே மன்னித்தான்.

நாற்பத்தேழாம் அதிகாரத்தை (47:13–26) நம் அருளுரைகளில் கேட்டதேயில்லை எனலாம். பஞ்சம் கொடிதானபோது யோசேப்பு தானியத்தை விற்று முதலில் மக்களின் பணம் முழுவதையும், அடுத்து ஆடுமாடுகளையும், இறுதியில் நிலத்தையும் சரீரத்தையும் பார்வோனுக்கு வாங்கிவிடுகிறான். அதன்பின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு அரசனுக்கு என்பது சட்டமாகிறது. வெகுஜனங்கள் உயிரோடே காக்கப்பட்டார்கள் என்பது மெய்தான். அவர்களே அதை நன்றியோடு கூறுகிறார்கள். காக்கப்பட்டவர்கள் அடிமைகளாயினர் என்பதும் அதே அளவு மெய். குருமாரின் நிலம் மட்டும் வாங்கப்படவில்லை என்கிறார் ஆசிரியர். யோசேப்பின் மாமனார் ஓன் பட்டணத்துக் குரு என்பதை முன்பே நமக்குச் சொல்லியும் வைத்திருக்கிறார். (குருத்துவப் பணியிலிருப்போர் இவ்வசனத்தைக் கடந்து செல்ல விரும்புவதன் காரணத்தை யாரேனும் ஆராயலாம்.) யாத்திராகமத்தின் முதலதிகாரத்தில் யோசேப்பை அறியாத அரசன் எழும்புகிறான், இஸ்ரவேலர் அவனுக்காகக் கட்ட நேர்ந்தவை தானியங்களைச் சேமிக்கும் பண்டசாலைப் பட்டணங்கள். யோசேப்பின் ஞானத்தால் நிறைந்த களஞ்சியங்களின் வழிவந்தவை போலவே அவை தோன்றுகின்றன. நன்மையாக முடிந்தது என்று நாம் நிறுத்தும் இடத்தில் வரலாறு நிற்கவில்லை.

இத்தகைய வரலாறு நம் நாட்டுத் திருச்சபைக்கும் உண்டு. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும் திருநெல்வேலிச் சீமையில் பல்லாயிரவர் திருச்சபையில் சேர்ந்தனர். அவர்தம் வழிவந்தோர் இன்று தங்கள் முன்னோரின் வரவைக் கடவுளின் செயலென்று கூறி நன்றி செலுத்தினால், அது அவர்களுக்கு உரிய சொல். பட்டினியால் மாண்டோரின் எலும்புகளைக் காட்டி, இந்த நன்மைக்காகவே பஞ்சம் அனுப்பப்பட்டது என்று வேறொருவர் எழுதுவாராயின், சொல் ஒன்றாயினும் உரிமை இல்லை.

புதிய ஏற்பாட்டில் இவ்வமைப்பு மீண்டும் வருகிறது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுரு, கடவுள் நிர்ணயித்த ஆலோசனையையும் அக்கிரமக்காரரின் கைகளையும் ஒரே வாக்கியத்தில் இணைத்துப் பேசுகிறான் (அப். 2:23). அது உயிர்த்தெழுதலுக்குப் பின்னர். சிலுவைக்குக் காரணமானவர்களை நோக்கி. அவர்கள் இருதயத்திலே குத்தப்படும்படி. சிலுவையின் அடியில் நின்ற மரியாளிடம் அதை யாரும் கூறவில்லை. சிலுவையில் தொங்கியவரோ அந்நேரத்தில் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் கதறலையே தம்முடையதாக்கினார். துக்க வீட்டிற்குச் செல்லும் இளம் ஆயர்கள் எதை வாசிப்பது என்று எம்மைக் கேட்பதுண்டு. குழியினின்று கெஞ்சியவனை நினைவுகூரும் நாற்பத்திரண்டாம் அதிகாரத்தை வாசியுங்கள், ஆறுதலடைய மறுத்த யாக்கோபை வாசியுங்கள் என்கிறோம். ஐம்பதாம் அதிகாரத்தை அவர்கள் என்றாவது ஒரு நாள் தாங்களாகவே நமக்கு வாசித்துக் காட்டக்கூடும். பத்து ஆண்டுகள் ஆகலாம், வாசிக்காமலும் போகலாம். அதுவரை அவ்வசனத்தை அவர்கள் சார்பாக நம்பிக் காத்து வைத்திருப்பது சபையின் கடமை.

அத்தாயின் வினா இன்னும் நிற்கிறது. யோசேப்பு உயிரோடிருந்தான், யாக்கோபு அவனைக் கண்டான், அவர் மகனோ திரும்பி வரவில்லை. இவ்வேறுபாட்டை மூடி மறைக்க எந்த விளக்கவுரைக்கும் உரிமையில்லை. ஆனால் யோசேப்பின் வரலாறு தகப்பனும் மகனும் தழுவிக்கொண்ட இடத்தில் முடிவதில்லை என்பதை மட்டும் இப்பொழுது அவரிடம் கூற விரும்புகிறோம். விசுவாச வீரர்களைப் பட்டியலிடும் எபிரெயர் நிருபம் (11:22), யோசேப்பின் உயர்வையோ, கனவுகளையோ, மன்னிப்பையோ குறிப்பிடவில்லை. மரணத் தறுவாயில் தன் எலும்புகளைக் குறித்து அவன் கொடுத்த கட்டளையையே அவனுடைய விசுவாசம் என்கிறது. கடவுள் உங்களைச் சந்திப்பார், அப்பொழுது என்னையும் எடுத்துச் செல்லுங்கள் என்பது அக்கட்டளையின் சாரம். நன்மையாக முடிந்துவிட்டதாக அவன் எண்ணவில்லை. ஆதியாகமம் எகிப்திலே ஒரு பெட்டிக்குள் வைக்கப்பட்ட உடலோடு முடிகிறது. அப்பெட்டியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லே பின்னர் உடன்படிக்கைப் பெட்டிக்கும் வருகிறது. நம் திருப்புதலும் ஈரிடத்தும் ‘பெட்டி’ என்றே வைத்திருக்கிறது. எகிப்தைவிட்டுப் புறப்பட்ட இரவில் மோசே அந்த எலும்புகளைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போனான் (யாத். 13:19). வனாந்தரத்தில் நாற்பது ஆண்டுகள் சுமந்து சென்ற அவற்றை இஸ்ரவேலர் அடக்கம் செய்தது சீகேமில் (யோசு. 24:32). சகோதரரைத் தேடி வரும்படி தகப்பன் அவனை முதலில் அனுப்பிய ஊர் அதுவே.